சிராப் குடிச்சு மட்டையானவ

ரூபினி: இன்னொரு டாக்டரா? வாங்க, நீங்களும் என் வாய மோந்து பாத்துட்டுப் போங்க.

டாக்டர் சுகந்தினி: நான் சுகந்தினி. மோந்து பாக்க வரலம்மா. ரத்த டெஸ்ட் வந்திருச்சு. அல்கஹால் துளி கூட இல்ல.

ரூபினி: அலமாக்! அப்ப காலைல வந்த டாக்டருக்கு மூக்கடைப்பா? "பொம்பளப் புள்ள இவ்ளோ குடிக்கலாமா"ன்னு பாடம் எடுத்தாரே.

சுகந்தினி: அவரு பண்ணது தப்பு. நேத்து என்ன குடிச்சே?

ரூபினி: சிராப். வெறும் ரோஸ் சர்பத்து. ஃபேக்டரி டின்னர்ல ஒரே கிளாஸ். சிராப் குடிச்சு மட்டையான மொத ஆளு நான்தான். பேப்பர்ல போடச் சொல்லுங்க லா.

சுகந்தினி: யாரு எடுத்துட்டு வந்து குடுத்தா?

ரூபினி: சூப்பர்வைசர். லோகேஸ்வரன். ரொம்ப அக்கறையானவரு. நான் எந்திரிக்கலன்னு பயந்து இங்க கொண்டாந்து போட்டதும் அவருதான். வெளிய கஞ்சி வாங்கி வச்சுட்டு உக்காந்திருக்காரு.

சுகந்தினி: நீ குடிச்சேன்னு சொன்னதும்...

ரூபினி: அவரேதான். சொன்னேன்ல... அக்கறை.

சுகந்தினி: எது வரைக்கும் ஞாபகம் இருக்கு?

ரூபினி: லக்கி ட்ரால எனக்கு பிளெண்டர் பரிசா விழுந்துச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. அப்புறம் தலை சுத்துச்சு... அப்புறம் இந்தக் கட்டிலு.

சுகந்தினி: கையில விரல் தடம் இருக்கேம்மா. ரெண்டு கையிலயும்.

ரூபினி: பிளெண்டர் கனம் போல.

சுகந்தினி: ரூபினி...

ரூபினி: சிரிங்க டாக்டர். ஜோக்கு தானே.

சுகந்தினி: வரலம்மா. யாரோ உன் சிராப்புல மருந்து கலந்திருக்காங்கன்னு நினைக்கிறேன். மயக்கத்துல உன்ன ஏதாச்சும் பண்ணியிருக்கலாம். உன் மேல ஒரு தப்பும் இல்ல.

ரூபினி: அந்த ஒரு கிளாஸ்லயா?

சுகந்தினி: அந்த மருந்து ஒடம்ப விட்டு சீக்கிரம் போயிரும். நீ சரின்னா இப்பவே மூத்திரம் எடுத்து அனுப்பலாம். ஒடம்பையும் பாக்கணும், நானும் நர்ஸும் மட்டும்தான் இருப்போம். வேணாம்னா வேணாம். உன் இஷ்டம்.

ரூபினி: வீட்டுக்கு நான்தான் கூட்டிட்டுப் போவேன்னு நிக்கிறாரே அவரு?

சுகந்தினி: நிக்கட்டும். வாசல்ல காவலுக்கு ஆளு போட்டிருக்கேன். உன்னக் கேக்காம யாரும் உள்ள வர முடியாது.

ரூபினி: அப்ப... ஞாபகம் இல்லன்னு சொன்னது பொய் டாக்டர். கார்ல ஒரு தடவ முழிச்சேன். கை அசையல, கத்த வாய் வரல. கண்ணு மட்டும் தெரிஞ்சுச்சு. அவரு குனிஞ்சு, என் சட்டைக்கு ஒவ்வொரு பட்டனா போட்டுவிட்டுக்கிட்டு இருந்தாரு. டெஸ்ட் எல்லாத்தையும் எடுத்துக்குங்க. போலீசையும் கூப்பிடுங்க.