ஐந்தாவது திரி ஏன் எரியவில்லை?

கதிரை நிறைய வீற்றிருக்கும் தலைவர் இராஜரத்தினம் ஐயா அவர்களே! கண்டி மாநகரின் கண்ணியமிக்க பெரியோர்களே! குண்டசாலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, இங்கும் நின்றுகொண்டே இருக்கும் தாய்மார்களே!

'பெண்மையைப் போற்றுவோம்' என்று தலைப்புத் தந்தீர்கள். போற்றத்தான் வந்தேன். ஆனால் அந்தக் குத்துவிளக்கைப் பாருங்கள்! ஐந்து முகத்தில் நான்குதான் எரிகிறது. ஐந்தாவதில் எண்ணெய் இல்லையா? இருக்கிறது. திரி இல்லையா? இருக்கிறது. ஏற்ற அழைத்த என் சித்தி மங்களேஸ்வரிக்குத்தான் பிள்ளை இல்லை! "நல்ல காரியம் டீச்சர், நீங்க வேணாம்" என்று கையிலிருந்த மெழுகுதிரியைப் பிடுங்கியது நமது வரவேற்புக் குழு. வேறு தாய்மார்களிடம் நீட்டினார்கள், ஒருவரும் வாங்கவில்லை. போற்றுகிறீர்கள் ஐயா, பிரமாதமாகப் போற்றுகிறீர்கள்!

சித்தி விழுங்காத மாத்திரை உண்டா? சுற்றாத சந்நிதி உண்டா? கணவனைச் சோதிக்க வேண்டும் என்று ஒருவராவது சொன்னீர்களா? அண்மையில் ஓர் ஆண் தானாகவே போய்ச் சோதித்துக்கொண்டார். யாரென்று நான் சொல்ல...

என்ன? பின்வரிசையில் யார்?

"அந்த ஆளு நான்தாங்க! மகன், நீ பேசு!"

கேட்டீர்களா? செல்லப்பா சித்தப்பாவே எழுந்து நிற்கிறார்! கைதட்டாவிட்டாலும் பரவாயில்லை, முறுக்கு நொறுக்குவதையாவது நிறுத்துங்கள்!

அவர் விந்தில் உயிரணு குறைவா? இல்லை. உருவத்தில் பழுதா? இல்லை. 'காரணம் தெரியவில்லை' என்றார்கள். பிறகு டொக்டர் யோகேந்திரன் இன்னொரு சோதனை செய்து சொன்னார்: கிருமியைப் பிடிக்க வேண்டிய உடம்பின் காவல், சொந்த உயிரணுவையே அந்நியன் என்று எண்ணி ஒட்டிக்கொள்கிறது, நகரவிடாமல் மறிக்கிறது. இது பாவமா? சாபமா? ஆண்மைக் குறைவா?

விளங்கவில்லையா, முன்வரிசை? இங்கே வரும் வழியில் எத்தனை சென்றியில் படையினர் உங்களை பஸ்ஸிலிருந்து இறக்கி, 'ஐசி எடு, அடையாள அட்டை எங்கே' என்றார்கள்? பிறந்த ஊரிலேயே 'எங்கிருந்து வந்தாய்' என்று கேட்டார்களா, இல்லையா? அதேதான் ஐயா! அந்த வலி தெரிந்த நீங்களே விளக்கடியில் ஒரு சென்றி போட்டு, என் சித்தியை மறித்தீர்களே! ஏன்? ஏன்? ஏன்?

தலைவர் மணியடிக்கிறார். அடியுங்கள் ஐயா, ஊரடங்குக்கு முன் முடித்துவிடுவேன்!

என் நன்றி, மெழுகுதிரியை வாங்க மறுத்த தாய்மார்களுக்கு மட்டும். வணக்கமோ, அந்தத் திரி எரிந்த பிறகுதான்! அதுவரை இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன். சித்தி, வாங்க. சித்தப்பா, நீங்களும் கூட வாங்க.

அதோ, சித்தி எழுந்துவிட்டார்! முன்வரிசை, காலை மடக்கி வழிவிடுங்கள்... தீப்பெட்டி யாரிடம்? கொடுங்கள்...

எரிகிறது ஐயா! இப்போது சொல்கிறேன்: அனைவருக்கும் வணக்கம்!