மூணு செகண்டு

இல்லீங்க சார், விசாரணையில போட்ட அந்த வீடியோவ வெளிய யாருகிட்டயும் குடுத்துச் செய்யலீங்க. நாந்தானுங்க செஞ்சேன், கதிரேசன், இதே டிசைன் ரூம்ல, இதே கம்ப்யூட்டர்ல. சித்த உக்காருங்க இன்ஸ்பெக்டர் சார். மேனேஜர் சாப்புட்டுப்போட்டு வாரதுக்கு இன்னும் கால் மணி நேரம் ஆகுமுங்க. ரெண்டு மணிச் சங்குக்குள்ளார சொல்லி முடிச்சர்றேன். நஞ்சம்மாக்கா மேலதான் தப்புங்கற அந்த ரிப்போர்ட்டுல மட்டும் கையெழுத்துப் போட்டுறாதீங்க.

பயமில்லாமயா சார் கதவச் சாத்துனேன்? நல்லாக் கேக்கறீங்க போங்க.

நஞ்சம்மாக்காவ விசாரணையில பாத்தீங்கல்ல. வலது கையில நாலு வெரலு போயிருச்சு. மோட்டாருத் தகடு வெட்டற பிரஸ்ஸுங்க அது. தகட்ட உள்ள வெக்கோணும், கைய எடுக்கோணும், பெடல மிதிச்சா மேல இருந்து டைங்கற இரும்பு அச்சு எறங்கி வெட்டும். பெடல உட்டுப்போட்டேன், மறுக்கா தானா எறங்கிருச்சு, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துருச்சுன்னு அக்கா சொல்லுச்சு. நெசமான்னு காட்டத்தான் என்னைய வீடியோ செய்யச் சொன்னாங்க.

கணக்குப் போடற சாப்ட்வேருங்க. டை எந்த நேரத்துல எங்க இருக்கும்னு கணக்குப் பாத்து, ஒவ்வொரு நெலைக்கும் ஒரு படம் வரைஞ்சு குடுக்கும். எறங்கறதுக்கு மட்டும் தொண்ணூறு படம் வரைய உட்டேன், நெம்ப அழகா வழுக்கிட்டு வரட்டும்னு. அத வீடியோவா வெளிய எடுக்கறப்ப, செகண்டுக்கு எத்தன படம்னு ஒரு கட்டத்துல கேக்கும். ஒண்ணும் போடலீன்னா அதுவே முப்பதுன்னு வெச்சுக்கும். நான் ஒண்ணும் போடலீங்க.

ஆமாங்க, மூணு செகண்டு. நெசத்துல அந்த டை எறங்க அரை செகண்டு கூட ஆவாது. ஒம்பது படம் வரைஞ்சிருந்தாச் சரியா இருந்திருக்கும். அட, சின்னப் பசங்க செய்யற தப்புங்க அது!

விசாரணையில வீடியோ ஓடுச்சு. இம்புட்டு நேரம் இருக்குதே, கைய எடுக்க முடியாதாம்மான்னு மேனேஜர் கேட்டாரு. அக்கா ரெண்டு வாட்டி பாத்துச்சு. கட்டுப் போட்ட கைய மடியில வெச்சுக்கிட்டு, எனக்குத்தான் நெதானம் பத்தலயாட்ட இருக்குதுங்கன்னு சொல்லுச்சு. என்ற வீடியோவப் பாத்துப்போட்டு, பட்டவளே நம்பிட்டா சார். நான் பக்கத்துலதான் நின்னேன்.

வீடியோ தப்புன்னு அப்பவே தெரியுமுங்க. மறைக்கல. பொழுதோட போயி மேனேஜர்கிட்டச் சொன்னேன். தெளிவாத்தானப்பா இருக்குது, உட்ருன்னாரு. அதோட, உன்ற சம்சாரத்துக்கு வேல கேட்டியே, வரச் சொல்லுன்னாரு. வாய மூடிக்கிட்டு ஊட்டுக்குப் போயிட்டேன். கை உள்ள இருந்தா மிசின நிறுத்தற சென்சார் ஒண்ணு வாங்கறதா இருந்தாங்க, அதையும் வேண்டாம்னு உட்டுட்டாங்க. பெடல இன்னிக்கு வரைக்கும் யாரும் கழட்டிப் பாக்கல.

இங்க பாருங்க, இது ஒம்பது படத்துல எடுத்தது. போடறேன்.

தெரியலீல்ல? மறுக்காப் போடட்டுங்களா? அவ்வளவுதானுங்க அது.

பெரிய மனசா? அய்யோ, அப்படியெல்லாம் சொல்லிப்போடாதீங்க சார், நாக்கப் புடுங்கிக்கலாம்னு வருது. இருவது நாளு நல்லாச் சாப்புட்டு நல்லாத் தூங்குனவன் நானு. அக்கா எதுக்கால வந்தா மட்டும் அக்கட்டால திரும்பிக்குவேன்.

என்ற ஊட்டுக்காரி கயல்விழிக்கு இன்னிக்குத்தானுங்க மொத நாளு. பேக்கிங்ல போடுவாங்கன்னு நெனச்சோம், ஒட்டுக்கா ஒரே பஸ்ல வந்தோம். காலையில வீடியோவக் காட்டி வேல சொல்லிக் குடுத்துருக்காங்க. ரெண்டு மணிக்கு நஞ்சம்மாக்கா நின்ன மிசின்ல நிக்கோணும். வேண்டாம் கண்ணு, ஊட்டுக்குப் போயர்லாம்னு கையப் புடிச்சேன். என்னையப் பாத்துச் சிரிக்கறா சார். நீங்க செஞ்ச வீடியோதானுங்களே, மூணு செகண்டு இருக்குது, எனக்குப் போதும்ங்கறா. அது பொய்யின்னு அவ மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரலீங்க.

சங்கு ஊதுதுங்க சார். எந்திரீங்க.