டிராக்டரின் முன்னால் மாட்டியிருந்த கல் பற்றி நான் சொல்வது

சம்பவத்தன்று காலை டிராக்டர் கொட்டகையில் இருந்தவர்கள்: என் கணவர், அவருடைய அண்ணன், அண்ணனின் மனைவியாகிய என் ஓரகத்தி, எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் வெல்டிங்காரர், நான். வேறு யாரும் இல்லை. என் பெயர், வயது, முகவரியை முதல் தாளிலேயே எழுதி வாங்கிக்கொண்டதால் இங்கே திரும்பச் சொல்லவில்லை. நான் வீட்டைப் பார்த்துக்கொள்பவள். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. எழுதப் படிக்கவும் கணக்குப் பார்க்கவும் நானாகக் கற்றுக்கொண்டேன். டிராக்டர் கவிழ்ந்தது என் கணவரின் கவனக்குறைவால்தான் என்று எழுதி வழக்கை முடிக்கப் போவதாகக் காவல் நிலையத்தில் சொன்னார்கள். அது அப்படி இல்லை என்பதற்காக இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

எங்களுடையது சின்ன டிராக்டர். அண்ணன், தம்பி இருவர் பேரிலும் உள்ளது. ஈர மண்ணில் இறங்கினால் பின்சக்கரம் பிடிமானம் இல்லாமல் நின்ற இடத்திலேயே சுற்றும். அதற்கென்று கடையில் விற்கும் இரும்புப் பாரத்தை வாங்க அண்ணன் சம்மதிக்கவில்லை. அதன் பிறகு என் கணவரும் வெல்டிங்காரரும் பாதியாக அறுத்த பீப்பாயில் பழைய இரும்பைப் போட்டு, கான்கிரீட் கொட்டி இறுக வைத்து, டிராக்டரின் பின்னால் சட்டம் அடித்து அதில் மாட்டினார்கள். சக்கரம் மண்ணைப் பிடித்தது. ஆனால் மேடு ஏறும்போது முன்பக்கம் லேசாகத் தூக்கியது. "பின்னாடி இவ்வளவு ஏத்தினா முன்னாடியும் ஏத்தணும். இல்லன்னா ஒருநாள் குதிரை மாதிரி எழுந்து நின்னுரும்" என்று வெல்டிங்காரர் சொன்னார்.

அதன் பிறகு முன்பக்கத்துக்கு ஒரு கல் வார்த்தோம். அச்சாக வைத்தது நான் துணி ஊறவைக்கும் பிளாஸ்டிக் தொட்டி. கலவையை நான்தான் குழைத்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்று கடவுளைக் கேட்டுக்கொண்டேதான் குழைத்தேன். போல்ட் போக இரண்டு குழாய்த் துண்டுகளை உள்ளே நிறுத்தி வார்த்தோம். காய்ந்ததும் கவிழ்த்துப் பார்த்தபோது தொட்டியின் அடியில் இருந்த வரிகளும், விரிசலுக்கு நான் போட்டிருந்த ஒட்டின் தடமும் கல்லில் அப்படியே பதிந்திருந்தன. சிமெண்ட் வாங்கிய கணக்கு என்னிடம் இருக்கிறது. ஆனால் ஒரு கல்லுக்கா இரண்டு கல்லுக்கா என்று அதில் எழுதவில்லை, ஆகவே அதைக் காட்டிப் பயனில்லை. அந்தக் கல்லை முன்னால் மாட்டிய பிறகு வண்டி மேட்டில் மூக்கைத் தூக்கவில்லை. அந்தப் பருவம் முழுவதும் அப்படியே ஓடியது.

கல்லைப் பார்த்த நாள் முதலே என் ஓரகத்திக்கு அதன் மேல் கண். "வரி வரியா எவ்வளவு அழகா இருக்கு பாரு. துணி அடிக்கிறதுக்குன்னே செஞ்ச மாதிரி. இதைப் போயி வண்டி மூஞ்சியில மாட்டி வெச்சிருக்கீங்களே" என்று என்னிடமே சொன்னார். நான் சிரித்துவிட்டு, "உங்களுக்கு வேற ஒண்ணு வார்த்துத் தரேன் அக்கா" என்றேன்.

சம்பவத்தன்று காலை என் கணவருக்குச் சாப்பாடு கொடுக்கக் கொட்டகைக்குப் போனேன். டிராக்டரின் முன்னால் கல் இல்லை. போல்ட் இரண்டும் தரையில் கிடந்தன. முந்தின நாள் வண்டி அண்ணனிடம் இருந்தது. என் கணவர் கேட்டதற்கு அவர், "உங்க அண்ணி துவைக்கிறதுக்குக் கேட்டா, கழட்டிக் குடுத்துட்டேன். முன்னாடி கல்லக் கட்டிக்கிட்டு ஓட்ட அது என்ன வண்டியா செக்கா? ஸ்டியரிங்கும் கனக்குது" என்றார். அப்போது சட்டத்தில் விட்டுப்போன ஒரு வெல்டைச் சரிசெய்ய வந்திருந்த வெல்டிங்காரர், "அப்படின்னா பின்னாடி இருக்கிறதையும் கழட்டிருங்க" என்றார். அண்ணன், "நீ பத்தவைக்க வந்தியா, பாடம் நடத்த வந்தியா" என்று கேட்டார். ஓரகத்தி சிரித்தார். வெல்டிங்காரர் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் என் கணவரிடம், "ஏங்க, இன்னைக்குப் போகாதீங்க" என்றேன். அவர் அண்ணனின் முகத்தைப் பார்த்தார். அண்ணன், "உழுறதா வேண்டாமான்னு பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டு வா, நான் நிக்கிறேன்" என்றார். அதன் பிறகு என் கணவர் வண்டியில் ஏறினார். பெரியவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசி அவருக்குப் பழக்கம் இல்லை.

உழுது முடித்து வயலிலிருந்து பாதைக்கு ஏறும் சரிவில் வண்டி எழுந்து பின்பக்கமாகக் கவிழ்ந்தது. எந்தப் பாரமும் மாட்டாத காலத்தில் அந்த இடத்தில் சக்கரம் வழுக்கும், வண்டி நின்றுவிடும். அன்று பின்பாரத்தால் வழுக்கவில்லை, முன்பக்கத்தை அழுத்திப் பிடிக்கக் கல்லும் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் இடுப்புக்குக் கீழே வண்டியின் அடியில் இருந்தார். செருப்பு ஒன்று மட்டும் வெளியே சுத்தமாகக் கிடந்தது. அவருக்கு இப்போது இரண்டு காலிலும் உணர்வு இல்லை.

மருத்துவமனையில் உங்கள் எழுத்தர் வந்து என் கணவரிடம் எழுதி வாங்கினார். அப்போது அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். என்னை எல்லாருக்கும் டீ வாங்கிவரச் சொல்லி அனுப்பினார்கள். நான் டீயோடு திரும்பியபோது என் கணவர் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். முன்பாரம் என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை, தானே பின்னால் மட்டும் மாட்டிக்கொண்டு அசட்டையாக ஏற்றியதால் கவிழ்ந்தது என்று அவர் சொன்னதாக எழுதப்பட்டிருந்தது. எழுத்தருக்கும் நான் டீ கொடுத்தேன்.

அதன் பிறகு நான் ஓரகத்தி வீட்டுக் கொல்லைக்குப் போனேன். குழாயடியில் அந்தக் கல்லின் மேல் போர்வை துவைத்துக்கொண்டிருந்தார். போல்ட் துளைகளில் சோப்பு நுரை நின்றது. "அக்கா, இது அந்தக் கல்லுதானே" என்றேன். "உன் புருஷனே அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டார். அவருக்கு மேல நீ பெரிய மனுஷியா?" என்று கேட்டுவிட்டு போர்வையைத் திருப்பிப் போட்டார். வெல்டிங்காரரைக் கேட்டதற்கு, "நான் அன்னைக்கு வரவே இல்லைம்மா. எனக்கும் தொழில் நடக்கணும்" என்றார்.

என் கணவர் பொய் சொன்னார் என்று சொல்ல எனக்குச் சந்தோஷம் இல்லை. நிலையத்துக்குப் போகப்போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். "நீ போனா அண்ணன் வாசல்ல நான் எப்படிப் போயி நிப்பேன்" என்றார். எந்த வாசலிலும் இனி அவரால் நிற்க முடியாது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவருடைய தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தேன். தினமும் கும்பிடுகிறவள் நான். இதைச் சொல்லாமல் கும்பிட உட்கார்ந்தால் வாய் திறக்கவில்லை.

கல்லை வார்த்த தொட்டியைக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலில் வைக்கச் சொன்னார்கள், வைத்திருக்கிறேன். கல்லின் வரிகளோடும் ஒட்டுத் தடத்தோடும் அதை வைத்துப் பார்த்தால் தெரியும்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் வண்டி கவிழ்ந்தது "என் கணவரின் கவனக்குறைவால்" என்று நானே சொன்னதாக எழுதியிருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். எழுதி எழுதிப் பழக்கத்தில் வந்துவிட்டது என்றார்கள். அதை அடிக்கச் சொல்லி, அடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மற்றதெல்லாம் நான் கண்டதும் கேட்டதும். கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை.

அந்தக் கல்லை உடைத்துப்போட ஒரு சம்மட்டி போதும். அதற்கு முன் வந்து பார்ப்பீர்களா, மாட்டீர்களா என்பதை எனக்குச் சீக்கிரம் சொல்லுங்கள்.

(கையெழுத்து)