ஹொப்ஃபன் துகள்

பியரில் ஹொப்ஃபன் துகள் மிதந்தால் குடிப்பவருக்குத் தீங்கில்லை. தொண்டை கொஞ்சம் கரகரக்கும், அவ்வளவுதான். ஹொப்ஃபன் என்பது பியருக்குக் கைப்பும் மணமும் தருகிற பூ. புளித்து முடிந்த பியரில் காய்ந்த பூவை ஊறவிட்டால் மணம் கூடும். ஆனால் உதிரும். உதிர்ந்தது பீப்பாவின் குழாயை அடைக்கும்.

நான் பேசக் கூச்சப்படுபவள். அதனால் எழுதித் தருகிறேன். மொழிபெயர்ப்பவர் எதையும் மென்மையாக்க வேண்டாம்.

உங்கள் பொலிஸ் அறிக்கையை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். பயிற்சியில்லாத பெண்ணின் கவனக்குறைவு என்று அதில் இருக்கிறது. அதை நான் ஏற்க மாட்டேன். நான் இரசாயனவியல் பட்டதாரி. இங்கே ஜெர்மனியில், எசன் நகரில், அக்கா கலாதேவியின் வீட்டு நிலவறையில் இரண்டு ஆண்டுகளாகப் பியர் காய்ச்சியவள் நான். அக்காவின் கணவர் யோகலிங்கம் அத்தான் அதைத் தன் கைப்பக்குவம் என்று சொல்லி நண்பர்களுக்கு ஊற்றிக் கொடுத்தார். அதற்கு நான் கோபப்படவில்லை.

என் வேலைமுறையைக் குறித்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பால் பிழிகிற துணியை மூன்று தரம் அவிப்பேன். பூவை அதில் தளர்வாக முடிந்து, கரண்டி ஒன்றைப் பாரமாக வைத்து இறக்குவேன். ஐந்தாம் நாள் எடுத்துவிடுவேன். பிறகு பீப்பா இரண்டு நாள் குளிரில் நிற்கும். மிச்சத் துகள் அடியில் படியும். முதற் குவளையைக் கொட்டிவிடுவேன். இருபத்தொரு பீப்பா. ஒன்றுகூட அடைக்கவில்லை.

இந்த 1987 மாசியில் ஒரு பியர் ஆலையின் ஆய்வுகூடத்தில் அவுஸ்பில்டுங் கேட்டு விண்ணப்பித்தேன். மூன்று ஆண்டுப் பயிற்சி, பிறகு வேலை. பதில் வரவில்லை. வைகாசியில் தபால்காரியிடம் கேட்டேன். என் பெயருக்கு வந்த கடிதத்தை அத்தானின் கையில் கொடுத்ததாகச் சொன்னாள்.

அத்தான் மறைக்கவில்லை.

"ஓம், வந்தது. நான்தான் எடுத்துப் பூட்டி வச்சிருக்கிறன். பியர் ஆலையில நிக்கிற பொம்பிளையை ஆர் மச்சாள் கட்டுவான்? முதல்ல கலியாணம். பிறகு உம்மட விஞ்ஞானம்."

அவருடைய நிலவறையில் நான் நின்றது மட்டும் அவருக்குக் குறையாகப் படவில்லை.

இருபத்திரண்டாம் பீப்பாவுக்கு நான் துணி கட்டவில்லை. பூவை உள்ளங்கையில் கசக்கி அப்படியே கொட்டினேன். மூடியில் மிகை அழுத்தத்தை வெளியே விடுகிற சிறு வால்வு உண்டு. அதன் துளையில் ஈரத் துகளை விரலால் அழுத்தி உலரவிட்டேன். அத்தான் அடைப்பை எப்படி எடுப்பார் என்று எனக்குத் தெரியும். மண்ணெண்ணெய் அடுப்பு அடைத்தால் எங்கள் ஊரில் எல்லாரும் செய்வதுதான். இன்னும் காற்றடிப்பார்கள், பிறகு குனிந்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள்.

ஞாயிறு மத்தியானம் அத்தானின் நண்பர் சூசைதாசன் அண்ணை பூசை முடிந்து வந்தார். குழாயைத் திறந்தால் நுரை மட்டும் துப்பியது.

"யோகம், பீப்பாவுக்கு மலச்சிக்கல் போல கிடக்கு."

"பொறடாப்பா. இதைவிட அடைச்ச அடுப்பெல்லாம் பத்தவச்சவன் நான்."

அத்தான் சிலிண்டரைத் திருகி, பியரைத் தள்ளுகிற காஸைக் கூட்டினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த வீட்டில் அவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அன்று ஒரு தரம்தான்.

"மச்சாள், இன்னும் விடலாமோ?"

"ஓம் அத்தான், விடுங்கோ."

இன்னும் மூன்று தரம் கூட்டினார். குனிந்து, மூடியை இறுக்கிப் பிடிக்கிற கொழுவியைத் தட்டினார். மூடி தெறித்து அவருடைய தாடையின் கீழே பட்டது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்தார்.

இழை விட்ட துணியைத் தந்தது தன் பிழை என்று அக்கா அழுகிறாள். துணியே இருக்கவில்லை என்று அவளுக்கும் சொல்லிவிடுங்கள். துகள் தானாக அடைக்கவில்லை. நான் அடைத்தேன். அளவு பார்த்துச் செய்தேன், சரியாக வந்தது. கவனக்குறைவு என்ற சொல்லை வெட்டிவிடுங்கள்.

அத்தானின் இழுப்பறையில் கிடந்த கடிதத்தை நேற்று உங்கள் அதிகாரி கொண்டுவந்து தந்தார். ஒட்டியது ஒட்டியபடியே இருக்கிறது. தடித்த உறை, தடவினால் என் சான்றிதழ்கள் தெரிகின்றன. இந்த நாட்டில் சேர்க்காதவர்களுக்குத்தான் சான்றிதழ்களைத் திருப்பி அனுப்புவார்கள் என்று அவர் மெதுவாகச் சொன்னார். அவருக்கு ஆய்வுகூடங்களைப் பற்றி என்ன தெரியும். இடம் கிடைத்தவர்களுக்குத்தான் தடித்த உறை வரும். நான் அதைப் பிரிக்கவில்லை. நீங்களும் பிரிக்க வேண்டாம்.