கீழே வைத்த கோப்பை

காபி நன்றாக மணக்கிறது, ஐயா. பிளாஸ்கில் ஊற்றிவைத்த பின்னும் ஏலக்காயின் மணம் கெடாமல் இருப்பது விசாரணை அலுவலகங்களில் அரிது. உங்கள் கையாலேயே ஊற்றித் தந்தீர்கள்; இறைவன் அந்தக் கைக்கு நலம் தரட்டும். உடனே குடிக்கவில்லையே என்று எண்ண வேண்டாம். இதோ, மேசையின் ஓரத்தில் வைத்திருக்கிறேன்.

நவ்வாஃப் தனியாகத்தான் அதைச் செய்தானா என்று கேட்டீர்கள். ஐந்து ஆண்டுகளாக நாடே கேட்ட கேள்வி அது. செய்தித்தாள்கள் அமைச்சரை ஐயுற்றன. அமைச்சர் ஒப்பந்தக்காரரை ஐயுற்றார். நவ்வாஃப் மட்டும் நீதிமன்றத்தில் எழுந்து நின்று, தண்ணீரைத் தானே திறந்துவிட்டதாகவும் தனக்கு யாரும் சொல்லவில்லை என்றும் கூறினான். அந்தச் சொல்லை மாற்றாமலே சென்ற குளிர்காலத்தில் சிறையில் இறந்தான். இப்போது அவன் மனைவி ஷம்ஸா உங்களிடம் வந்து ஏதோ சொல்லியிருக்கிறாள். நல்லது. மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

நவ்வாஃப் எனக்கு மருமகன் முறை. ஒன்றுவிட்ட தங்கையின் மகன். இளமையிலேயே தந்தையை இழந்தவன். பழங்கவிதைகளை மனனம் செய்ய அவனுக்குக் கற்பித்தது நான். எங்கள் வட்டாரத்தின் குடிநீர் அதிகாரியாக அவன் அமர்ந்ததும் என் சொல்லால்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவன் மீது எனக்கிருந்த அன்பை நீங்கள் அறிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தக் கோடையில் ஊற்றுகள் வறண்டன. எங்கள் மேட்டிலிருந்து பார்த்தால் கீழே சாக்கடல் முழுதும் விரிந்து கிடக்கும். ஒரு மிடறுக்கு உதவாது. தேர்தல் நெருங்கியிருந்தது. என் மகன் தௌகான் நின்றான்; தௌகானின் தந்தை என்ற பொருளில் ஊர் என்னை அபூ தௌகான் என்றே அழைக்கும். எந்தக் கூடாரத்துக்குச் சென்றாலும் ஒரே பேச்சு.

"ஓட்டா? மொதல்ல ஒரு குடம் தண்ணி காட்டுங்க, அபூ தௌகான்," என்றார் ஒருவர். "உங்க பையன் மூஞ்சியக் கழுவிப் பார்த்துட்டு, பிடிச்சிருந்தா போடுறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாகம் கொண்டவனின் சிரிப்பில் ஒரு கூர்மை உண்டு; அது நெஞ்சில் தங்கிவிடும்.

குன்றின்மேல் புதிதாகக் கட்டிய நீர்த்தேக்கம் நிறைந்திருந்தது. திறக்கவில்லை. நான் நவ்வாஃபைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"மாமா, வேணாம்," என்றான். "தண்ணி நாறுது. மேலே இருக்கிற ஆட்டுக்கொட்டகைக் கழிவெல்லாம் உள்ள கசிஞ்சிருக்கு. ஆய்வகத்துல திறக்கவே கூடாதுன்னுட்டாங்க."

"உன் ஆய்வகக்காரன் ஏசி ரூமுல பாட்டில் தண்ணி குடிக்கிறவன்டா. தாகம்னா என்னன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப எழுத்துல குடுங்க, மாமா."

"என் வாய்ச்சொல்லு உனக்கு அவ்வளவு கேவலமாப் போச்சா?"

"உங்க சொல்லுக்கு மறுசொல்லு நான் எப்ப பேசியிருக்கேன்," என்றான். மறுநாள் காலையில் குழாய்களில் தண்ணீர் வந்தது.

ஊர் அன்று எப்படி மகிழ்ந்தது என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெண்கள் குலவையிட்டார்கள். குழந்தைகள் தெருவிலேயே குளித்தார்கள், வாய் திறந்து ஆரவாரித்தபடி. என் வீட்டுக்கு மட்டும் அந்த வாரம் லாரித் தண்ணீர் வந்தது. பேரப்பிள்ளைகளுக்கு வயிறு மென்மையானது. தௌகான் வென்றான். வென்றது தண்ணீரால் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை.

அதன் பின் குழந்தைகள் நோயுற்றார்கள். முதலில் போனவள் வத்ஹா. எங்கள் அண்டை வீட்டு முஃப்லிஹின் பேத்தி, பால்பற்கள் விழாதவள். மொத்தம் எத்தனை என்பது உங்கள் கோப்பில் இருக்கும், நான் எண்ணவில்லை. அடக்கத்துக்கு வந்த ஒவ்வொரு ஜனாஸாவுக்கும் முன்னின்று தொழுகை நடத்தியவன் நான். ஒருமுறைகூட என் குரல் நடுங்கவில்லை. துயருற்றவர்களுக்கு உறுதியான குரல் ஒன்று தேவை.

நவ்வாஃபைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். விசாரணைக் குழு வந்தது. அவன் என் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றான்.

"மாமா, ஞாயித்துக்கிழமை அவங்க முன்னாடி உங்க பேரச் சொல்லப் போறேன். மத்தவங்க மூலமா உங்க காதுக்கு வரக்கூடாதுன்னுதான் நானே வந்தேன்."

எவ்வளவு நல்ல வளர்ப்பு, பாருங்கள். நான் சினக்கவில்லை. உள்ளே வந்து சாப்பிடச் சொன்னேன்; அவன் போய்விட்டான்.

நான் முஃப்லிஹிடம் சென்றேன். சிந்தித்துப் பார்த்தால், நான் அவரிடம் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. நவ்வாஃப் ஒரு பெயரைச் சொல்லப் போகிறான் என்றேன். அந்தப் பெயர் வெளிவந்தால் உங்கள் மகன்கள் துப்பாக்கி எடுப்பார்கள், அந்த வீட்டாரும் எடுப்பார்கள், வத்ஹாவின் பக்கத்தில் இன்னும் பலரைப் புதைக்க நேரும் என்றேன். அவர் அழுதார். யாருடைய பெயர் என்று கேட்கவில்லை. கேட்காததை நான் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின், பெரியவர்கள் சிலரோடு நவ்வாஃபின் வீட்டுக்குப் போனோம். முன்னால் நடந்தவர் முஃப்லிஹ்.

எங்கள் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். காபியை வாங்கியவர் குடிக்காமல் கீழே வைத்தால், அவருக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அது கிடைக்கும்வரை குடிக்கமாட்டார். குடிக்காமல் எழுந்து போய்விட்டால் அந்த வீட்டுக்கு அதைவிட இழிவில்லை. ஆகவே அறிவுள்ளவன், வந்த காரியத்தை மோப்பம் பிடிக்காமல் ஊற்றமாட்டான். நவ்வாஃப் அறிவுள்ளவன்தான். ஆனால் குழந்தையைப் பறிகொடுத்த கிழவர் தன் வாசலில் நிற்பதைக் கண்டதும், மன்னிப்பு தானாக நடந்து வந்திருக்கிறது என்று எண்ணிவிட்டான். ஓடிப்போய் அவனே காபிக் கூஜாவை எடுத்தான்.

"என்னடா, ஏலக்காய மூட்டையோட கொட்டிட்டியா? தெருமுனையிலயே மூக்கத் துளைக்குது," என்றார் பெரியவர் ஒருவர்.

"முஃப்லிஹ் பெரியப்பா வந்திருக்காருல்ல," என்றான் நவ்வாஃப். பல வாரங்களுக்குப் பின் அவன் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

முதற் கோப்பையை முஃப்லிஹிடம் நீட்டினான். முஃப்லிஹ் அதை வாங்கி, தன் முழங்காலுக்கு முன், விரிப்பின்மேல் வைத்தார்.

நவ்வாஃபின் சிரிப்பு அங்கேயே நின்றுபோயிற்று.

"என் பேத்திய மண்ணுல வெச்சுட்டு வந்திருக்கேன், மகனே," என்றார் முஃப்லிஹ். "அந்த மண்ண இன்னொரு தடவ தோண்ட வேணாம். யார் பேரையும் சொல்லாத. நீதான்னு சொல்லிடு. உன்னைய எம்பசங்க தொடாம நான் பாத்துக்கிறேன்."

நவ்வாஃப் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். பார்த்தபடியே அவரிடம் கேட்டான்:

"யாருக்காகக் கேக்குறோம்னு தெரிஞ்சுதான் கேக்குறீங்களா, பெரியப்பா?"

"தெரிய வேணாம்னுதான்டா கேக்குறேன்."

அந்த நேரத்தில் நான் என் தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் இறைவனைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். நவ்வாஃப் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்தக் கிழவரின் கையைப் பிடித்து, உங்களை அழைத்து வந்தவர்தான் அவர் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் தடுத்திருக்க முடியாது. தடுக்கும் எண்ணமும் எனக்கில்லை. அவன் சொல்லவில்லை.

"குடிங்க, பெரியப்பா," என்றான். "நீங்க கேட்டது குடுத்தாச்சு."

முஃப்லிஹ் குடித்தார். பிறகு நாங்கள் எல்லோரும் குடித்தோம்.

மற்றவர்கள் முன்னே சென்றபின், ஷம்ஸா கதவோரம் நின்று என்னைத் தடுத்தாள். "மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த வாரம் உங்க வீட்டுத் தொட்டியில மட்டும் ஏன் லாரித் தண்ணி?"

துயரத்தில் இருக்கும் பெண்ணிடம் வாதம் செய்வது முறையன்று. அவள் தலைமீது கைவைத்து ஆசி கூறினேன். அவள் தலையை விலக்கிக்கொண்டாள். ஒவ்வொரு பெருநாளுக்கும் அவள் வீட்டுக்கு ஆட்டிறைச்சி அனுப்பினேன்; ஒவ்வொரு முறையும் அது திரும்பி வந்தது. அதையும் நான் பொறுத்துக்கொண்டேன்.

நவ்வாஃபின் ஜனாஸாத் தொழுகையையும் நானே நடத்தினேன். முஃப்லிஹ் எனக்குப் பின்னால், முதல் வரிசையில் நின்றார். முடிந்ததும் என்னைத் தழுவிக்கொண்டு, "உங்களாலதான் ஊர் பொழச்சுச்சு," என்றார். அந்த அன்புக்கு நான் தகுதியானவனா என்று நினைத்துப் பார்த்தேன். என் கடமையைத்தான் செய்தேன் என்று அடக்கத்தோடு சொன்னேன்.

ஆக, உங்கள் கேள்விக்கு விடை இது. அவன் தனியாகச் செய்யவில்லை. திறக்கச் சொன்னவன் நான். அந்த நீர் கெட்டது என்று அறிந்தே சொன்னேன். அவன் வாயை அடைத்தவனும் நானே.

இதை எழுதுகிறீர்கள். எழுதுங்கள். ஆனால் ஒப்பமிடும் முன், மேசையோரத்தைப் பாருங்கள். காபி முற்றிலும் ஆறிவிட்டது. நான் அதைத் தொடவில்லை. அன்று கோப்பையை வைத்தவர் முஃப்லிஹ். இன்று அவரால் நடக்க இயலாது; ஆகவே நான் வைத்திருக்கிறேன். நீங்களும் மேட்டுநிலத்து வீடொன்றில் பிறந்தவர்தான். உங்கள் பேச்சிலேயே தெரிந்தது. கோப்பில் நவ்வாஃப் தனியாகச் செய்தான் என்றே இருக்கட்டும். அந்தக் கிழவர் தாம் வைத்த கோப்பையால் யாரைக் காத்தார் என்பதை அறியாமலே கண்மூடட்டும். நவ்வாஃபும் உயிரைக் கொடுத்துக் காத்த சொல் அல்லவா அது.

அவர்கள் பொருட்டே கேட்கிறேன், ஐயா. எனக்கென்று நான் எவரிடமும் எதையும் கேட்டதில்லை.