ஆர்லிஸின் வீடு சர்ச் வாசலில் நின்றது பற்றி

பெயர்: வெர்லீன் குரூம்ஸ். வயது: அறுபத்தொன்று. கணவர்: காலஞ்சென்ற ஹோய்ட் குரூம்ஸ். தொழில்: சக்கரம் வைத்த டிரெய்லர் வீடுகளை லாரியில் கட்டி இழுத்து இடம் மாற்றுவது. முகவரி: பழைய குவாரி சாலை, டாஸ்வில், பெல்டன் கவுண்டி, ஜார்ஜியா மாநிலம்.

நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன். இந்த வாக்குமூலத்தை யாருடைய மிரட்டலுக்கும் பயந்து கொடுக்கவில்லை. பயப்படுகிற ஆள் நான் இல்லை என்பது இந்த ஷெரிஃப் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

கைது செய்யப்பட்டிருக்கும் ஆர்லிஸ் டாப்னி என்பவர் தச்சர், என் கணவரின் நண்பர். கணவர் இறந்த பிறகு ஞாயிறுதோறும் என் வீட்டில் சாப்பிட வருகிறார். ஊர் ஏதோ பேசுகிறது, பேசிவிட்டுப் போகட்டும். ஆர்லிஸ் தமது இருபத்திரண்டாவது வயதில் கவுண்டி திருவிழாவில் மூக்குமுட்டக் குடித்துவிட்டு, நண்பர்களிடம் பந்தயம் கட்டி, உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல் பன்றிக் கண்காட்சித் திடலின் குறுக்கே ஓடினார். வேலிக்கு வெளியே பிள்ளை குட்டிகளோடு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று அவர் சொல்வார். பன்றியும் அவரும் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டதைக் கேட்டால் நாங்கள் சிரிக்காமல் இருக்க முடியாது. கையெழுத்துப் போட்டால் மாலைக்குள் வீட்டுக்குப் போகலாம் என்று வக்கீல் சொன்னதை நம்பி, பிள்ளைகள் முன் அம்மணமாக ஓடிய குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டார்.

அதன் பிறகு சில வருடங்கள் கழித்துப் பாலியல் குற்றவாளிகள் பதிவுச் சட்டம் வந்தது, பழைய வழக்குகளையும் சேர்த்துக்கொண்டது. ஆர்லிஸ் வருடாவருடம் ஷெரிஃப் அலுவலகம் போய்ப் பதிந்து வருகிறார். யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம், வரைபடத்தில் அவர் வீட்டின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். அதே பதிவில் எங்கள் கவுண்டி ஆள் இன்னொருவன் இருக்கிறான். அவன் செய்ததைச் சொல்ல என் வாய் கூசுகிறது, அவன் புள்ளி தெரிவது நல்லதுதான், என் பேத்தி வரும்போது நானே பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அவன் புள்ளியும் ஆர்லிஸின் புள்ளியும் ஒரே நிறம். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இந்த வசந்தத்தில் எங்கள் சர்ச்சில் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் போட முடிவானது. பெண்கள் நாங்கள் பீச் பழப் பலகாரம் செய்து விற்றுப் பணம் சேர்த்தோம். மரவேலை முழுவதையும் ஆர்லிஸ் தம் வீட்டு முற்றத்தில் கூலி வாங்காமல் செய்து கொடுத்தார். ஊஞ்சல் வந்துவிட்டால் சர்ச் முற்றம் பிள்ளைகள் விளையாடும் இடம் ஆகிவிடும், அதிலிருந்து ஆயிரம் அடிக்குள் பதிவில் உள்ளவர் குடியிருக்கக் கூடாது என்பது எங்களில் ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை. தம்மைத் துரத்தும் ஊஞ்சலைத் தம் கையாலேயே இழைத்து, வண்ணமும் அடித்து அனுப்பிவைத்தார் மனுஷன்.

அதன் பிறகு துணை ஷெரிஃப் ட்ரெண்ட் ஸ்டகி, சக்கரம் வைத்த அளவுகோலை உருட்டிக்கொண்டு வந்து, ஆர்லிஸின் வாசல் ஆயிரம் அடிக்கு உள்ளே வருகிறது என்றார். நிலம் சொந்தமாக இருந்தால் தப்பித்திருக்கலாமாம், ஆர்லிஸுக்கு டிரெய்லர் வீடு மட்டும்தான் சொந்தம், நிலம் வாடகை. பாஸ்டர் லெமுவல் ஓடிவந்து ஊஞ்சலைப் பிடுங்கிவிடுவதாகச் சொன்னார். அதற்கு ஆர்லிஸ், "வேணாம் பாஸ்டர். பிள்ளைங்க ஆடிப் பழகிடுச்சுங்க. எனக்காக அதப் பிடுங்கினா, என்னைய வெறுக்க அதுங்களுக்கு நெஜமாவே ஒரு காரணம் கெடைச்சிடும்" என்றார். நான் உள்ளே போய் அழுதுவிட்டு, வெளியே வந்து, வீட்டை என் குவாரி நிலத்துக்கு இழுத்துவிடலாம், அது ஆயிரம் அடியைத் தாண்டி எங்கேயோ இருக்கிறது என்று சொன்னேன்.

சனிக்கிழமை காலை ஆர்லிஸ் முகவரி மாற்ற இதே அலுவலகத்துக்கு வந்தார். நான் வீட்டை லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு புறப்பட்டேன். குவாரிக்கு ஒரே சாலை, அது சர்ச் வாசலைத் தொட்டுத்தான் போகிறது. சர்ச்சுக்கு நேர் எதிரே வரும்போது வீட்டின் அடியில் ஒரு டயர் டமார் என்று வெடித்து, வீடு சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. முற்றத்தில் கெளுத்தி மீன் வறுவல் விருந்து நடந்துகொண்டிருந்தது. ஊரே தட்டும் கையுமாக வந்து வேடிக்கை பார்த்தது. எனக்கும் ஒரு தட்டு வந்தது, வாங்கிக்கொண்டேன், பசி எல்லோருக்கும் உண்டு.

அதன் பிறகு, புதிதாகக் குடிவந்த யாரோ போனில் அந்தப் பதிவைப் பார்த்துவிட்டுப் புகார் கொடுத்துவிட்டார். ஸ்டகி தம் சின்ன மகளோடு அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்து, "வெர்லீன்மா, ஆர்லிஸ் அண்ணன் வீடு இப்ப ஊஞ்சலுக்கு எதிர்ல நிக்குது. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க" என்றார்.

நான், "வீட்டுக்குள்ள ஆளே இல்ல தம்பி. ஆளு ஒங்க ஆபீஸ்லதான் வரிசையில நிக்கிறாரு" என்றேன். அவர் அலுவலகத்துக்குப் பேசினார். பழைய முகவரியை நீக்கியாகிவிட்டது, வீடு போய்ச் சேர்ந்தால்தான் புதிய முகவரி செல்லும், அதுவரை வீடு எங்கே நிற்கிறதோ அதுதான் முகவரி என்று பதில் வந்தது. ஸ்டகியின் முகம் தொங்கிப்போயிற்று. டயர் மாற்ற நான் ஜாக்கியை எடுத்தேன். வீடு இப்போது தடயம், கை வைக்கக் கூடாது என்றார். நகர்த்தினால் குற்றமே இல்லாமல் போகும், அதை நகர்த்த விடாமல் இவர்களே காவல் நிற்கிறார்கள் என்பதை அடிக்கோடிட்டு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அந்த நேரம் பார்த்து ஆர்லிஸ் தம் வண்டியில் வந்து, சாலை அடைபட்டிருந்ததால் வீட்டுக்குப் பின்னால் நின்றார். கீழே இறங்கவில்லை. ஸ்டகி போய், மன்னிக்கச் சொல்லிவிட்டு, விலங்கு மாட்டி, போலீஸ் காரின் பின் இருக்கையில் உட்காரவைத்தார். குற்றம் நிரூபணமானால் பல வருடம் சிறை. இந்த வயதில் உள்ளே போனால் பெட்டியில்தான் வெளியே வருவார்.

அப்போது ஆர்லிஸ் கார் ஜன்னல் வழியாக, "ட்ரெண்ட், பாப்பாவ எறக்குப்பா. அந்த சத்தம் சரியில்ல. எடது பக்க போல்ட் கழண்டுகிட்டு வருது" என்றார். ஸ்டகியின் மகள்தான் ஊஞ்சலில் இருந்தாள். எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஸ்டகி ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினார். மேலே பார்த்தால் நட் போல்ட்டின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆர்லிஸ் அந்த முற்றத்தில் கால் வைக்கக் கூடாது. அதனால் நான் லாரியிலிருந்து ஸ்பேனர் கொண்டுவந்தேன், ஸ்டகி ஏணியில் ஏறி முறுக்கினார், நான் கீழே ஏணியைப் பிடித்தேன். ஆர்லிஸ் விலங்குக் கையோடு காருக்குள்ளிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். "இன்னும் கால் சுத்து. போதும் போதும், மரம் பிளந்துரும். இப்ப வாஷரப் பாரு." விருந்துக்கு வந்தவர்கள் கை தட்டினார்கள். ஆர்லிஸுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஸ்டகி கீழே இறங்கி, ஊஞ்சலை ஆட்டிப் பார்க்கக்கூட இல்லை. ஆர்லிஸைப் பார்த்து, "சரியாண்ணே?" என்று மட்டும் கேட்டார். ஆர்லிஸ் தலையாட்டியதும் மகளைத் தூக்கி அதே ஊஞ்சலில் உட்காரவைத்தார். அதன் பிறகு காருக்கு வந்து, கதவைச் சாத்தி, பிள்ளைகளுக்கு ஆபத்தானவர் என்ற பிரிவில் வழக்குப் பதிய ஆர்லிஸை இங்கே கொண்டுவந்தார்.

மேலே உள்ளவை நான் கண்ணால் கண்டு, காதால் கேட்டவை. எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன், எந்த நீதிபதி முன்னாலும் இதையே சொல்வேன்.

ஒப்பம்: வெர்லீன் குரூம்ஸ்