கூறைச் சீலை வெளுத்த படம்

ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் போகும் படகில், எனக்கு முன்னால் இருந்த புதுப்பெண் மடியிலிருந்த பெரிய படத்தைக் கணவனிடம் காட்டினாள்.

“தாலி கட்டின கையோடை என்னை விதவையாக்கிப் போட்டியள்.”

“இது இன்ஃப்ராரெட் படமப்பா. லென்சுக்கு முன்னாலை கறுத்தக் கண்ணாடி போட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒளியிலை எடுக்கிறது. இப்பதான் பழகிறன்.”

“பழக வேறை ஆள் கிடைக்கேல்லையோ? சிவப்புக் கூறை வெள்ளைச் சீலையாக் கிடக்கு.”

“சிவப்பு அதிலை வெளுக்கும்.”

“பொட்டையும் காணேல்லை.”

“அதுவும் சிவப்புத்தானே. பின்னாலை பனையோலையைப் பாரும், எவ்வளவு வடிவா வெளுத்திருக்கு.”

“எங்கடை அம்மா ஓலையைப் பாக்கமாட்டா. இந்தப் படத்தை மாட்டவெண்டு விறாந்தையிலை ஆணியும் அடிச்சு வைச்சிருக்கிறா.”

அவள் சற்று யோசித்தாள். பிறகு தன் நெற்றியிலிருந்த ஒட்டுப்பொட்டை உரித்து, படத்திலிருந்த தன் நெற்றியில் ஒட்டி, விரலால் அழுத்தினாள். நான் கடலைப் பார்ப்பதுபோல் இருந்தேன்.

“படம் பழுதாப் போச்சு,” என்றான் அவன்.

“போகட்டும். இப்ப நீங்கள் உயிரோடை இருக்கிறியள்.”

படகு கரையை நெருங்கியது. அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“உம்மடை நெத்தி வெறுமையாக் கிடக்கு. மாமி துறையிலை நிக்கிறா.”